ஜன்னலுக்கு நோட்டீஸ், ஒழுகும் கூரைக்கு மௌனம்

பழைய கட்டடங்களைக் காப்பதற்காக ஊர் ஊராக உள்ளாட்சிகள் போட்டு வைத்திருக்கும் விதிகளை வாசிப்பது எனக்கு ஒரு விநோதமான பொழுதுபோக்கு. வாசிக்க வாசிக்க எரிச்சல்தான் கூடுகிறது. ஜன்னல் சட்டம் மரமா அலுமினியமா, தெருப்பக்கச் சுவருக்கு என்ன நிறம், பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், ஏசி பெட்டியை எந்தப் பக்கம் மாட்டலாம் என்று பத்தி பத்தியாக இருக்கும். கூரை ஒழுகுவது தெரிந்தும் வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடும் உரிமையாளரை என்ன செய்வது என்று தேடினால், "நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும்" என்று ஒரே ஒரு வரி கிடைக்கும். அதை மீறினால் யார் வருவார்கள், எப்போது வருவார்கள், செலவு யார் தலையில் என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்காது.

இந்த விதிகள் தலைகீழாக எழுதப்பட்டிருக்கின்றன என்பது என் கருத்து. வீட்டில் குடியிருந்துகொண்டு ஒரு கதவை மாற்ற நினைப்பவரிடம் கெடுபிடி. காலி செய்து, பூட்டுப் போட்டு, மழைக்காகக் காத்திருப்பவரிடம் பொறுமையோ பொறுமை.

காத்திருப்பது என்று சும்மா சொல்லவில்லை. கூரை ஓரத்து மழைநீர் வாய்க்காலில் சருகு அடைக்கிறது. தண்ணீர் வழிந்து சுவருக்குள் இறங்குகிறது. பழைய கட்டடங்களில் உத்திரங்களின் முனை சுவருக்குள்தான் புதைந்திருக்கும். ஈரம் காயாமல் இருந்தால் முதலில் அந்த முனைதான் உளுத்துப்போகும். சுண்ணாம்புக் காரை கரைகிறது, செங்கல் இளகுகிறது, வெடிப்பில் செடி முளைக்கிறது. ஒருநாள் மேல்தளத்தில் ஒரு பகுதி உள்ளே விழுகிறது. அதற்குப் பிறகு ஒரு பொறியாளர் வந்து "மக்கள் உயிருக்கு ஆபத்து" என்று சான்றிதழ் கொடுத்தால் போதும். அநேகமாக எல்லா ஊர் விதிகளிலும் ஆபத்தான கட்டடத்துக்கு விலக்கு உண்டு. கடப்பாரையைத் தொடாமலே காலி மனை கையில் வந்துவிடுகிறது.

இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. 1877-இல் ஆங்கிலேயக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் லண்டனில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது வெளியிட்ட அறிக்கையிலேயே அன்றாடக் கவனிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள், ஒழுகும் கூரையைச் சரிசெய்யுங்கள் என்றுதான் கேட்டிருந்தார்கள். ஏறக்குறைய 150 வருடம் ஆகிவிட்டது. நாம் இன்னும் வண்ண அட்டையை வைத்துக்கொண்டு எந்த நிறம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

உரிமையாளர் மட்டும்தான் வில்லன் என்று நினைத்துவிட வேண்டாம். மும்பையின் எஸ்பிளனேடு மேன்ஷனைப் பாருங்கள். 1860களில் இங்கிலாந்தில் இரும்புச் சட்டங்களை வார்த்து, கப்பலில் கொண்டுவந்து பூட்டிய கட்டடம் அது. அப்போது அதன் பெயர் வாட்சன் ஹோட்டல். 1896-இல் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதலில் திரையிடப்பட்டது அங்கேதான். மும்பையில் பாரம்பரிய விதிகள் 1995-இலேயே வந்துவிட்டன, காக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இந்தக் கட்டடமும் இருக்கிறது. ஆனாலும் 2005-இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 2019-இல் உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். இடிப்பதா காப்பதா என்று விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஒரு சட்டம் வாடகையைப் பழைய காலத்திலேயே நிறுத்தி வைக்கிறது. இன்னொரு சட்டம் கட்டடத்தைத் தொடாதே என்கிறது. நடுவில் பழுது பார்க்கும் பணம் எங்கிருந்து வரும் என்று இரண்டு சட்டமும் கேட்கவில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டில் உரிமையாளர் மகானாகவே இருந்தாலும் கூரை ஒழுகத்தான் செய்யும்.

சரி, வழியே இல்லையா என்றால், இருக்கிறது. இங்கிலாந்தின் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பட்டியலில் உள்ள கட்டடம் ஆளில்லாமல் பாழடைந்தால் உள்ளாட்சியே உள்ளே போய்க் கூரையை மூடி, முட்டுக் கொடுத்து, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் பழுதுபார்ப்பு நோட்டீஸ் கொடுத்து, பிறகு கட்டடத்தையே கையகப்படுத்தலாம். வேண்டுமென்றே பாழாக விட்டார் என்று தெரிந்தால் இழப்பீட்டையும் குறைந்தபட்சமாக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இந்தக் கடைசி ஒன்றுதான். மனை விலை ஏறும் என்று காத்திருப்பவரின் கணக்கையே அது கலைத்துவிடுகிறது. ஆனால் காகிதத்தில் இருக்கும் இந்த அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்த உள்ளாட்சிகள் தயங்குகின்றன. முதலில் கைக்காசைப் போட வேண்டும், வழக்கு வந்தால் இன்னும் செலவு. அதிகாரத்தோடு ஒரு சிறு நிதியையும் ஒதுக்காத விதி, தோட்டா இல்லாத துப்பாக்கி.

அப்புறம், இவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களும் உண்டு. மேற்கு லண்டனில் இருந்த ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலையைப் பட்டியலில் சேர்க்கப் போகிறார்கள் என்ற நிலையில், 1980 ஆகஸ்டில் ஒரு நீண்ட வாரவிடுமுறை பார்த்து இடித்துவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் விடுமுறையில் இருந்தார்கள். அதே லண்டனில் 2015-இல் கார்ல்டன் டேவர்ன் என்ற மதுக்கடைக்கும் இதே கதி. பட்டியலில் சேர்க்கலாமா என்று பரிசீலித்துக்கொண்டிருக்கும்போதே, அனுமதி வாங்காமல் தரைமட்டமாக்கினார்கள். இந்த முறை வெஸ்ட்மின்ஸ்டர் மாமன்றம் அபராதம் போட்டு அனுப்பிவிடவில்லை. இருந்தது இருந்தபடி திரும்பக் கட்டிக் கொடு என்று உத்தரவிட்டது. கட்டினார்கள். 2021-இல் கடை மறுபடி திறந்தது.

திரும்பக் கட்டியது பழைய கட்டடம் ஆகுமா என்று பாரம்பரியப் பிரியர்கள் சண்டை போடுவார்கள். ஆகாதுதான். ஆனால் அந்த உத்தரவைப் படித்த அடுத்த ஆள் கடப்பாரையைக் கீழே வைப்பார் என்பதுதான் எனக்கு முக்கியம். அபராதம் என்றால் அதைக் கட்டுமானச் செலவில் இன்னொரு வரியாகச் சேர்த்துவிடுவார்கள். பரிசீலனைக் காலத்தில் நடக்கும் இந்த ஓட்டப்பந்தயத்துக்கு வேல்ஸ் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எளிய பதில் கண்டுபிடித்தது. பட்டியலில் சேர்க்க ஆலோசனை தொடங்கிய உடனேயே இடைக்காலப் பாதுகாப்பும் தொடங்கிவிடும்.

தனிக் கட்டடம் வேறு, பகுதி வேறு. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரம் 1931-இலேயே ஒரு பழைய குடியிருப்புப் பகுதி முழுவதற்கும் விதி போட்டது. அதன் அடிப்படை எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. ஒரு தெருவில் பெரிய மாளிகை ஒன்றுதான் இருக்கும், மற்றதெல்லாம் சாதாரண வீடுகள். அந்தச் சாதாரண வீடுகள் போய்விட்டால் மாளிகை மட்டும் தனியே நின்று என்ன பயன்? ஆனால் சாதாரண வீட்டில் சாதாரண மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குளிரும், வெயில் அடிக்கும், மின்கட்டணம் வரும். பின்பக்கம் ஒரு அறை சேர்ப்பதற்கும் தெருப்பக்கம் முகப்பை உடைப்பதற்கும் ஒரே விண்ணப்பம், ஒரே குழு, ஒரே காத்திருப்பு என்றால் அவர்கள் இந்த விதியையே வெறுக்கத் தொடங்குவார்கள். வெறுப்பது நியாயம்தான்.

இதில் சிங்கப்பூரின் வழி தெளிவானது. 1989-இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் போன்ற பகுதிகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். வரலாற்று மையப் பகுதிகளில் கட்டடம் முழுவதையும் காக்க வேண்டும். சில குடியிருப்புப் பகுதிகளில் முன்கட்டடத்தைக் காத்துவிட்டுப் பின்னால் நீட்டிக் கட்டிக்கொள்ளலாம். எது கூடும், எது கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. குழுவின் அன்றைய மனநிலையை நம்பி யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. லண்டனின் கென்சிங்டன் பகுதியும் 2022-இல் பட்டியலில் உள்ள பெரும்பாலான வீடுகளுக்குச் சூரியத் தகடு பொருத்தப் பொதுவான அனுமதி கொடுத்தது. தகடு நாளைக்குக் கழற்றிவிடக்கூடியது. நிறமும் அப்படித்தான், சில வருடத்தில் தானே உரிந்துவிடும். திரும்பப் பெறக்கூடிய மாற்றத்துக்குத் தளர்வு, திரும்பப் பெற முடியாததற்குக் கெடுபிடி என்று பிரித்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

"என் நிலம், என் கட்டடம், நீ யார் கேட்க?" என்ற கேள்விக்கு வருகிறேன். நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கிய அதிர்ச்சியில்தான் 1965-இல் அந்த நகரத்தின் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் 50 மாடிக்கு மேல் கோபுரம் எழுப்ப உரிமையாளர்கள் கேட்டதை அந்தச் சட்டத்தின் கீழ் மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் நகரம் ஜெயித்தது. அந்தத் தீர்ப்பைப் பாரம்பரியப் பிரியர்கள் வெற்றிக்கொடியாக மட்டும் பிடிப்பார்கள். அதில் இன்னொன்றும் இருக்கிறது. நிலையத்தை வழக்கம்போல நடத்தி வருமானம் பார்க்க முடிகிறதே, மேலே கட்டும் உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறதே என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. பொதுமக்களுக்காக ஒருவரின் கையைக் கட்டும்போது அவர் பிழைக்க வழி இருக்கிறதா என்று பார்ப்பது நியாயத்தின் ஒரு பகுதி.

அந்தப் பார்வை வரிச் சட்டத்துக்கு எட்டவில்லை. பிரிட்டனில் புது வீடு கட்டினால் வாட் வரி பூஜ்யம். பழைய வீட்டைப் பழுது பார்த்தால் பொதுவாக 20 சதவீதம். ஒரு கையால் காப்பாற்று என்று உத்தரவு, இன்னொரு கையால் காப்பாற்றியதற்கு வரி. அமெரிக்காவிலோ பாரம்பரியக் கட்டடச் சீரமைப்புக்கு மத்திய அரசு தரும் 20 சதவீத வரிச்சலுகை வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்குத்தான். சொந்த வீட்டில் குடியிருப்பவர் கேட்டால் கிடையாது.

நெதர்லாந்தில் 1973-இல் மோனுமென்டன்வாக்ட் என்ற ஏற்பாடு தொடங்கியது. உரிமையாளர் ஒரு சந்தா கட்டுகிறார். பயிற்சி பெற்ற ஆட்கள் குறித்த காலத்துக்கு ஒருமுறை கருவிகளோடு வந்து கூரை ஏறுகிறார்கள். வாய்க்காலைச் சுத்தம் செய்து, நழுவிய ஓட்டை அங்கேயே சரிசெய்து, எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் போலீஸ் இல்லை என்பதால் உரிமையாளரும் கதவைத் திறக்கிறார். பாரம்பரிய விதி எழுதும் எந்த ஊரும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சந்தாவில் பாதியை உள்ளாட்சி கட்டட்டும். அந்த ஆய்வறிக்கையை ஒழுங்காக வாங்கி வைத்திருப்பவருக்குச் சின்ன வேலைகளுக்கு அனுமதியே தேவையில்லை என்று விதியில் சேர்க்கட்டும். ஆய்வுக்குக் கதவைத் திறக்க மறுக்கும் கட்டடங்கள் எவை என்ற பட்டியல் தானாகவே கிடைத்துவிடும். முதல் நோட்டீஸ் அங்கே போகட்டும்.