மே 2: ஹிதேயின் சாவை விட்டுவிட்டு வேலையைப் பேசலாமா?

ஜப்பானிய ராக் கேட்கிற எங்கள் சின்னக் கூட்டத்தில் மே 2 வந்தாலே ஒரு சடங்கு நடக்கும். எக்ஸ் ஜப்பான் குழுவின் கிதாரிஸ்ட் ஹிதே 1998-ல் செத்த நாள் அது. இளஞ்சிவப்பு முடியோடு சிரிக்கிற அதே போட்டோ. கீழே ஒரு மெழுகுவர்த்தி. "33 வயசுல போயிட்டாரே" என்று ஒருவர் ஆரம்பிப்பார், தற்கொலையா விபத்தா என்று இன்னொருவர் கிளப்புவார், ராத்திரி பன்னிரண்டு மணிவரை அதே சண்டை. மறுநாள் எல்லோரும் மறந்துவிடுவோம். நானும் பல வருஷம் அந்த மெழுகுவர்த்தியைப் போட்டவன்தான். இந்த வருஷம் போடவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தில் 'hide' என்று பார்த்தால் 'ஹைட்' என்றுதான் படிக்கத் தோன்றும். 2008 வாக்கில் ஒரு நண்பன் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த பாட்டுகள் வழியாகத்தான் இவர் எனக்கு அறிமுகம். என் கம்ப்யூட்டரில் ஜப்பானிய எழுத்து வராது, கோப்புப் பெயரெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். நாலாவது கட்டம், ஏழாவது கட்டம் என்று அடையாளம் வைத்துக் கேட்போம். அந்தக் காலத்தில் நான் பெருமையாக 'ஹைட், ஹைட்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சரியான உச்சரிப்பு ஹிதே. முழுப்பெயர் மாட்சுமோட்டோ ஹிதேட்டோ. எக்ஸ் (பிற்பாடு எக்ஸ் ஜப்பான்) குழுவில் இருந்தபோது தன் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டவர், தனியாகப் பாட வந்ததும் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிவிட்டார். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, அதனால் இந்தக் குறும்பு நமக்குக் கிடைக்காது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு 'ஒளித்துக்கொள்' என்று அர்த்தம் வருகிறதல்லவா, அதையும் விடவில்லை. முதல் தனி ஆல்பத்துக்கு 'ஹைட் யுவர் ஃபேஸ்', அதாவது 'முகத்தை மறைத்துக்கொள்' என்று பெயர் வைத்தார். அட்டையில் இருப்பது அவர் முகமே இல்லை. ஏலியன் படத்தின் ஜந்துவை வடிவமைத்த கீகரின் கைவண்ணத்தில் பிறந்த ஒரு முகமூடி.

ஆளுக்கு ஒப்பனை பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒப்பனை அவர் முறையாகப் படித்த தொழில் என்பது பலருக்குத் தெரியாது. 1964 டிசம்பர் 13-ல் யோகோசுகாவில் பிறந்தவர். டோக்கியோவுக்குத் தெற்கே, அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கிற ஊர். பள்ளியில் பேண்டு வாத்தியக் குழுவில் சேரப் போனால் ட்ரம்பெட் கேட்ட பையனுக்குக் கிளாரினெட்டைக் கையில் கொடுத்தார்கள். பிடிக்கவில்லை. பதினைந்து வயசில், முகத்தில் சாயம் பூசி மேடையேறிய அமெரிக்க ராக் குழு கிஸ்ஸின் 'அலைவ்!' ஆல்பம் காதில் விழுகிறது. பாட்டி ஒரு கிப்சன் லெஸ் பால் கிதார் வாங்கித் தருகிறார். (எந்த ஊர்ப் பாட்டியும் பேரனுக்கு ஒன்றுதான் போல.) பள்ளி முடித்ததும் டோக்கியோ ரொப்பொங்கியில் ஒரு அழகுக்கலைப் பள்ளியில் சேர்ந்து, 1984-ல் படிப்பை முடித்து, தேர்வெழுதி உரிமம் பெற்ற சிகை அலங்காரக் கலைஞர் ஆனார். கூடவே 'சேவர் டைகர்' என்று ஒரு குழுவும் நடந்துகொண்டிருந்தது. 1987 ஜனவரியில் அது கலைந்தபோது, சரி, கிதாரைக் கட்டி வைத்துவிட்டு முடி வெட்டப் போய்விடலாம் என்ற நினைப்பில் இருந்தவரைத்தான் எக்ஸின் டிரம்மரும் தலைவருமான யோஷிகி தன் குழுவுக்கு இழுத்தார்.

இந்த ஒரு விஷயம் தெரிந்த பிறகு எக்ஸின் பழைய வீடியோக்களை என்னால் முன்போல் பார்க்க முடியவில்லை. அந்த வானத்தைக் குத்தும் முடியைப் பாருங்கள். பொதுவாக நாம் என்ன சொல்வோம்? "பவுடர் பூசின பசங்க, பாட்டு சுமாரா இருக்கும், அதான் வேஷம் போடுறாங்க." விஷுவல் கெய் (வேஷத்தையும் ஒப்பனையையும் தூக்கிப் பிடிக்கிற ஜப்பானிய ராக் வகை) என்றாலே இந்த ஒரு வரியில் ஒதுக்கிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் இன்னும் மோசம். "இது கபூகி மரபு" என்று ஜப்பானின் பழைய மேடை நாடகத்தில் ஆரம்பித்துத் தெருக்கூத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். ஹிதே விஷயத்தில் இரண்டுமே சரியில்லை என்பது என் கட்சி. அவருக்குக் கதவைத் திறந்தது கிஸ். கபூகியை அதில் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பின்னால் கட்டுரை எழுதியவர்கள். மனுஷனுக்கு முடியும் துணியும் கிதார் மாதிரியே இன்னொரு கைவேலை. எதை எங்கே வெட்டுவது, எந்த நிறத்தோடு எந்த நிறத்தை ஒட்டுவது என்கிற அதே கண்தான் பிற்பாடு அவர் பாட்டுகளையும் செய்தது.

எக்ஸ் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை. 1988-ல் யோஷிகியின் சொந்தக் கம்பெனி எக்ஸ்டசியில் 'வானிஷிங் விஷன்', 1989-ல் 'ப்ளூ பிளட்'. அதன் அட்டையில் போட்ட வாசகத்திலிருந்த 'விஷுவல் ஷாக்'தான் இந்த வகைக்கே பெயர் தந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். 1992 ஜனவரியில் டோக்கியோ டோமில் மூன்று நாள் கச்சேரி. குழுவின் மூளை யோஷிகி, அதில் சந்தேகமில்லை. பியானோ, அழுகை, வேகம், இருபத்தொன்பது நிமிஷப் பாட்டு எல்லாம் அவர் கணக்கு. அதற்குள் ஹிதே எழுதிய பாட்டு எது என்று கண்டுபிடிப்பது சுலபம். பக்கத்து வீட்டுக் குறும்புப் பையன் கோயிலுக்குள் பட்டாசு கொளுத்திய மாதிரி இருக்கும். 'ஜெலசி' ஆல்பத்தில் வரும் 'ஜோக்கர்' கேளுங்கள். எல்லோரும் சோகத்தைச் சுமந்துகொண்டு நிற்க, இவர் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டு ஓடுவார்.

கிதாரிலும் அவர் விரல் வித்தைக்காரர் இல்லை. இதைச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள், பரவாயில்லை. அந்தக் காலத்து ஜப்பானில் அவரைவிட வேகமாக வாசித்தவர்கள் ஒரு லாரி லோடு இருந்தார்கள். ஹிதேயின் சோலோ, வாயால் முணுமுணுக்கலாம் போல இருக்கும். எக்ஸின் இன்னொரு கிதாரிஸ்ட் பாட்டாவோடு (Pata) சேர்ந்து இரண்டு கிதாரும் ஜோடியாக ஏறி இறங்கும் இடங்களைக் கேட்டால், ஒவ்வொரு சுரமும் முன்கூட்டியே உட்கார்ந்து எழுதி வைத்தது என்று தெரியும். மேடையில் ஏறி அந்த நேரத்துக்குத் தோன்றியதை வாசிக்கிற ஆள் இல்லை. தையல்காரர் கை அது.

இனி தனி வாழ்க்கை. நான் சொல்ல வந்ததே இதுதான்: அவர் எக்ஸின் கிதாரிஸ்ட், சைடில் தனியாகவும் பாடினார் என்று எழுதுவது தலைகீழ். 1993 ஆகஸ்டில் ஒரே நாளில் இரண்டு சிங்கிள் விட்டு ஆரம்பிக்கிறார். 1994 பிப்ரவரியில் 'ஹைட் யுவர் ஃபேஸ்'. 1996 செப்டம்பரில் 'சையன்ஸ்'. எக்ஸ் அதே காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தது? 'டாலியா'வைச் செதுக்கிக்கொண்டே இருந்தது. அது 1996 நவம்பரில்தான் வந்தது. அதாவது தாய்க்குழு ஒரு ஆல்பம் முடிப்பதற்குள் இவர் இரண்டை முடித்துவிட்டார். அதிலும் ஒரு கிதாரிஸ்ட், கிட்டத்தட்ட இருபத்தொன்பது வயசில், முதல்முறையாக மைக் முன்னால் முன்வரிசைப் பாடகனாக நிற்கிறார். பக்கத்தில் ஒப்பிட யார்? எக்ஸின் பாடகர் டோஷி. ஜப்பானே அண்ணாந்து பார்த்த குரல்.

ஹிதேயின் குரல் மூக்கில் வரும், மேலே போனால் கிழியும். அவருக்கே அது தெரியும். அதனால் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பாடம். குரலை அழகாக்க முயற்சி செய்யாமல், அதையும் ஒரு துணித்துண்டாக எடுத்து மற்றதோடு தைத்துவிட்டார். இதில் ஐ.என்.ஏ. என்று அறியப்படும் இனாடா கஸுஹிகோவைச் சொல்லாமல் விட்டால் பாவம். கம்ப்யூட்டர், சிந்தசைசர் வேலையெல்லாம் அவர் கை. இரண்டு பேரும் சேர்ந்து குரலைக் கடித்து, இரைச்சலாக்கி, மேல்தட்டில் ஒன்று கீழ்த்தட்டில் ஒன்று என்று அடுக்குவார்கள். 'டவுட்' பாட்டில் மெஷின் கொட்டும் தாளத்தோடு அந்தக் கீச்சுக் குரல் மல்லுக்கட்டுவதைக் கேளுங்கள். அடுத்ததாகவே 'டெல் மீ' போடுங்கள். கடற்கரையில் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி ஒரு பாப் பாட்டு. இரண்டும் ஒரே ஆல்பம். இண்டஸ்ட்ரியல், பங்க், அறுபதுகளின் மெல்லிசை, கார்ட்டூன் சத்தம் எல்லாம் ஒரே அலமாரியில்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் எக்ஸ்காரர்கள் ஒவ்வொருவராக முடியை இறக்கி, மையைக் கழுவி, சாதாரணச் சட்டை போட ஆரம்பித்தார்கள். இவர் மட்டும் எதிர்த்திசையில் போனார். கறுப்பும் சிவப்புமாக இருந்தவர் மிட்டாய் நிறத்துக்கு வந்தார். கையில் மஞ்சள் கிதார், அதன்மேல் இதய வடிவங்கள். ஃபெர்னாண்டஸ் கம்பெனி அவருக்காகச் செய்தது. அந்தக் கம்பெனி 2024-ல் திவாலாகி மூடியது. செய்தி படித்தபோது எனக்கு முதலில் கண்முன் வந்தது அந்த மஞ்சள்தான்.

கிடைத்த இடத்தைப் பிறருக்கும் திறந்துவிட்டார். 1996-ல் 'லெமனெட்' என்று சொந்த லேபிள், அதில் ஸெப்பெட் ஸ்டோர் போன்ற, ஒப்பனைக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லாத குழு. லாஸ் ஏஞ்சலஸில் 'ஸில்ச்' என்று இன்னொரு குழு, கில்லிங் ஜோக் குழுவின் பால் ரேவன் போன்றவர்களோடு. அரிய நோய் வந்த ஒரு சின்ன ரசிகையைச் சந்தித்த பிறகு எலும்பு மஜ்ஜை தானத்துக்குத் தன் பெயரைப் பதிந்தார். இதைப் பலர் கண்ணீர் பொங்க எழுதிவிட்டார்கள், நான் இதோடு விடுகிறேன்.

1997 செப்டம்பரில் எக்ஸ் கலைகிறது என்று அறிவிப்பு. டிசம்பர் 31 டோக்கியோ டோமில் கடைசிக் கச்சேரி. 1998 ஜனவரி 28-ல் 'ராக்கெட் டைவ்' வெளியாகிறது. இடையில் 28 நாள். பத்து வருஷம் கூட இருந்த குழு உடைந்தால் நாமெல்லாம் ஒரு மாசம் படுத்துக் கிடப்போம். இவர் புதுக் குழுவுக்கு 'ஸ்ப்ரெட் பீவர்' என்று பச்சையான பெயர் வைத்து, சும்மா காத்துக்கொண்டிருந்த நேற்றைக்கு டாட்டா காட்டுகிற பாட்டோடு வந்து நிற்கிறார். அந்தப் பாட்டு கிஸ்ஸின் கிதாரிஸ்ட் ஏஸ் ஃப்ரேலியின் 'ராக்கெட் ரைட்'டுக்கு ஒரு வணக்கம். பதினைந்து வயசில் கேட்ட குழுவுக்கு முப்பத்துமூன்று வயசில் கடன் அடைக்கிறார்.

மே 2, 1998. நான் இங்கே நிற்கப் போவதில்லை. போலீஸ் ஒன்று சொன்னது, கூட வேலை செய்தவர்கள் வேறு சொன்னார்கள். த்சுகிஜி ஹொங்கான்ஜி கோயிலில் நடந்த இறுதிச் சடங்குக்குச் சுமார் 50,000 பேர் வந்தார்கள். ரசிகர்களில் சிலர் தங்களையும் அழித்துக்கொண்டார்கள் என்பதால்தான் அந்த விவாதத்தை லைக்குக்காக வருஷா வருஷம் கிண்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் செத்து பதினோராவது நாள், மே 13-ல், 'பிங்க் ஸ்பைடர்' வந்தது. முதலிடம். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. சாவு விற்றுக் கொடுத்தது என்பவர்கள் பாட்டைக் கேளுங்கள். வானம் சதுரமானது என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு சிலந்தி. பட்டாம்பூச்சியைப் பார்த்துப் பொறாமை. அதன் சிறகைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு பறக்கப் பார்த்து விழுகிறது. அவ்வளவு கசப்பான கதையை அவ்வளவு தடித்த ரிஃப்புக்கு மேல் வைத்து, கோரஸில் குழந்தையும் கூடப் பாடுகிற மெட்டைக் கொடுத்திருக்கிறார். கைவேலை தெரிந்தவன் செய்கிற காரியம்.

பாதியில் நின்ற 'ஜா, ஸூ' ஆல்பத்தை ஐ.என்.ஏ.யும் குழுவும் முடித்து நவம்பரில் வெளியிட்டார்கள். அதில் வந்திருக்க வேண்டிய 'கோ க்யாரு' பாட்டுக்கு மட்டும் குரல் பதிவாகவில்லை. 2014-ல் யமஹாவின் வொகலாய்டு நுட்பத்தில் அவருடைய பழைய குரல்பதிவுகளிலிருந்து அசைகளைப் பொறுக்கிச் சேர்த்து அதையும் பாடவைத்துவிட்டார்கள். நம் ஊரில் 2024-ல் 'லால் சலாம்' படத்தில் இறந்துபோன பம்பா பாக்யாவும் ஷாகுல் ஹமீதும் ஏ.ஐ. வழியாக மறுபடி பாடியபோது நடந்த சண்டையை ஹிதே ரசிகர்கள் பத்து வருஷம் முன்பே போட்டு முடித்திருந்தோம். என் நிலை? பொதுவாக எனக்கு இது பிடிக்காது. செத்தவர் சம்மதம் என்று ஒன்று கிடையாது, சொந்தக்காரர் சம்மதம்தான் உண்டு. ஆனால் இந்த ஒரு பாட்டில் என் வாய் அடைத்துப்போகிறது. உயிரோடு இருந்தபோதே தன் குரலை வெட்டி ஒட்டிய ஆள். வெட்டி ஒட்டியவரும் அன்று கூட இருந்த அதே ஐ.என்.ஏ. முதல்முறை கேட்டபோது ஓரிரு இடத்தில் வார்த்தை முடிகிற விதம் கொஞ்சம் வழுக்கலாக இருந்தது. இரண்டாம் முறை அதைத் தேடினேன், கிடைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

"எதிலிருந்து ஆரம்பிக்கணும்?" என்று கமெண்டில் கேட்பீர்கள். எக்ஸிலிருந்து வராதீர்கள். 'டைஸ்' போடுங்கள், ஹெட்போனில். பிடித்தால் 'சையன்ஸ்' முழுசாக. பிடிக்கவில்லையென்றால் 'டெல் மீ'. அதுவும் பிடிக்கவில்லையென்றால் பரவாயில்லை, மெழுகுவர்த்தி மட்டும் போடாதீர்கள்.