மேற்படி கோழி

(தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், ஆனி மாதச் சாரல். பத்திர எழுத்தர் தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டாலும் பேனாவை மட்டும் ஒப்படைக்காத சண்முகவேல், தொழுவத்து மூலையில் இருக்கும் ஓலைப் பெட்டியைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். பெட்டிக்குள் சிறுவிடைக் கோழி ஒன்று அசையாமல் படுத்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் வருகிறார்.)

சண்முகவேல்: வாருங்கள் அக்கா. இந்தக் கோழிக்கு என்னமோ ஆகிவிட்டது. முந்தாநாளிலிருந்து இரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டினால் இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. தூக்கி முற்றத்தில் விட்டால், கொடுத்த மனுவுக்குப் பதில் வராத ஆளைப் போலக் கேறிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடியும் அதே பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கால்நடை மருத்துவரை அழைக்கலாமா?

பேச்சியம்மாள்: மருத்துவர் வந்தால் சிரிப்பார் தம்பி. அது அடைக்கு வந்திருக்கிறது. 12, 15 முட்டை இட்டு முடித்ததும் நாட்டுக்கோழி இப்படித்தான் படுக்கும். அடிவயிற்றைத் தொட்டுப் பாரும். இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும். அந்தச் சூட்டைத்தான் முட்டைக்குக் கொடுக்கப் போகிறது.

சண்முகவேல்: எந்த முட்டைக்கு? அது இட்டதையெல்லாம் அன்றன்றைக்கே எடுத்து நாங்கள் தின்றுவிட்டோமே. பெட்டியில் வைக்கோலைத் தவிர ஒன்றுமில்லை. சொத்தே இல்லாமல் சுவாதீனம் கொண்டாடுகிறது!

பேச்சியம்மாள்: அடை எண்ணம் வந்த கோழி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காது, உருளைக்கிழங்கை வைத்தாலும் உட்காரும். குஞ்சு வேண்டாமென்றால் தெளியவைத்துவிடலாம். சிலர் தண்ணீரில் முக்குவார்கள். சிலர் அதன் இறகையே பிடுங்கி மூக்கில் செருகுவார்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். வைக்கோல் போடாமல், காற்று வரும் கூண்டில் இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தாலே மனம் மாறிவிடும். ஆனால் இவ்வளவு உறுதியாக உட்காருகிற கோழியை ஏன் கலைக்க வேண்டும்? அடை வைத்துவிடும்.

சண்முகவேல்: நல்ல யோசனை. ஃபிரிட்ஜில் எட்டு முட்டை இருக்கிறது.

பேச்சியம்மாள்: உம்முடைய சேவல் எங்கே?

சண்முகவேல்: இருந்தது. தலைத் தீபாவளிக்கு மருமகன் வந்திருந்தார்.

பேச்சியம்மாள்: அது ஐப்பசி, இது ஆனி. சேவல் போன பிறகும் இரண்டு வாரம் வரைக்கும் கருவுள்ள முட்டை வரலாம். எட்டு மாதத்துக்கு வராது. போதாக்குறைக்கு அதைக் குளிரில் வேறு வைத்திருக்கிறீர். முட்டையை நான் தருகிறேன். பொரிக்கும் குஞ்சில் பாதி எனக்கு. நிலத்தை வாரத்துக்கு விடுகிற மாதிரி, பங்குக்கு என்று வைத்துக்கொள்ளும்.

(“பாதி” என்ற சொல் காதில் விழுந்ததும் சட்டைப் பையிலிருந்து பேனா வெளியே வருகிறது. கோழி வளர்ப்பதற்குப் பேனா எந்த வகையிலும் தேவையில்லை என்பதை அவருக்குச் சொல்லுவார் இல்லை.)

சண்முகவேல்: எழுதிவிடுவோம் அக்கா, பிற்காலத்தில் மனத்தாங்கல் வரக்கூடாது. “நம்மில் 1-வது நபருக்குப் பாத்தியப்பட்டதும், அவருடைய ஏகபோக அனுபவத்தில் இருந்து வருவதுமான சிறுவிடைப் பெட்டைக்கோழி ஒன்றின் அடியில், நம்மில் 2-வது நபர் தம் சொந்தப் பொறுப்பில் முட்டைகளை வைத்துக்கொடுக்கச் சம்மதித்து...” எத்தனை முட்டை?

பேச்சியம்மாள்: பதினொன்று. அதன் உடம்புக்குள் அடங்க வேண்டுமல்லவா? ஆசைப்பட்டு இருபது வைத்தால் ஓரத்தில் கிடப்பதெல்லாம் குளிர்ந்து, உருட்டி உருட்டி உள்ளே இருப்பதும் கெட்டுப்போகும். ஒற்றைப்படையாகத்தான் வைக்க வேண்டும் என்று என் அம்மா சொல்லுவாள்; காரணம் கேட்டால் அடிப்பாள்.

சண்முகவேல்: இனிச் சொத்து விவரம். மேற்படி பெட்டிக்கு நான்கெல்லை: கிழக்கே மாட்டுத்தொட்டி, தெற்கே விறகு அடுக்கு, மேற்கே ஜன்னல், வடக்கே...

பேச்சியம்மாள்: நிறுத்தும். விறகு அடுக்கின் பக்கத்திலா முட்டையை வைப்பார்கள்? பாம்புக்கும் கீரிக்கும் அதுதானே வீடு! மேற்கு ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும். பெட்டியை உள் அறையின் இருட்டு மூலைக்கு மாற்றும். அதுவும் இப்போது வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு கோழியையும் பெட்டியையும் சேர்த்துத் தூக்கி, முட்டையை ஒவ்வொன்றாக அடியில் தள்ளிவிட்டால், விடியும்போது அந்த இடமே தன் இடம் என்று நினைத்துக்கொள்ளும்.

சண்முகவேல்: (அடித்துத் திருத்தி) நான்கெல்லை மாறுகிறது. முட்டையைக் கழுவித் தருவீர்களா?

பேச்சியம்மாள்: கழுவினால் ஓட்டின் மேலிருக்கிற காப்பு போய்விடும், அழுக்கு உள்ளே இறங்கும். அழுக்கில்லாததாக, கீறலில்லாததாக, ஒரு வாரத்துக்குள் இட்டதாகப் பார்த்துப் பொறுக்கித் தருகிறேன். பெட்டியில் மணலும் சாம்பலும் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, கோழிப்பேன் அண்டாமல் வேப்பிலை கொஞ்சம் வையும். ஓரத்தில் ஒரு இரும்பாணி, ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய்வற்றல்.

சண்முகவேல்: மிளகாய்வற்றல் எதற்கு? தாளிக்கப் போகிறோமா?

பேச்சியம்மாள்: இடி இடித்தால் முட்டை கலங்கிப் போகாமல் இருக்க.

சண்முகவேல்: வானத்து இடியை ஒரு மிளகாய்வற்றலா தடுக்கும்?

பேச்சியம்மாள்: நீர் எழுதுகிற காகிதம் மட்டும் தடுக்குமா? வையும்.

சண்முகவேல்: இன்னும் ஒரு சந்தேகம். முட்டைகள் ஏழு நாளில் இட்டவை. அப்படியானால் குஞ்சுகளும் ஏழு நாள் தள்ளித் தள்ளித்தானே வரும்?

பேச்சியம்மாள்: சூடு படும் வரைக்கும் கரு தூங்கிக்கொண்டிருக்கும் தம்பி. எல்லாவற்றின் மேலும் கோழி ஒன்றாக உட்காருகிறதே, அன்றைக்குத்தான் கணக்கு ஆரம்பம். 21-ஆம் நாள் எல்லாம் சேர்ந்து வரும்.

சண்முகவேல்: ஆகா! எழுதிய தேதி வேறு வேறு. அமலுக்கு வரும் தேதி ஒன்று. கோழிக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது.

(ஏழாம் நாள் இரவு. விளக்கை அணைத்துவிட்டு இருவரும் டார்ச் லைட்டோடு பெட்டியருகே குந்தியிருக்கிறார்கள்.)

சண்முகவேல்: அக்கா, இன்று காலை என் உயிரே போய்விட்டது. கோழி முட்டைகளை அம்போவென்று விட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டது! பதறிப்போய் என் வேட்டியை முட்டையின் மேல் போர்த்தி, பக்கத்தில் வெந்நீர்ச் செம்பும் வைத்தேன்.

பேச்சியம்மாள்: வேட்டியைத் துவைத்துப் போடும். அது தினமும் ஒரு தடவை எழுந்துபோய், இரை எடுத்து, தண்ணீர் குடித்து, புழுதியில் குளித்து, நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததைப் பெட்டிக்கு வெளியே போட்டுவிட்டு, கால் மணி நேரத்தில் திரும்பிவிடும். அதற்குள் முட்டை ஆறிப்போகாது.

சண்முகவேல்: அந்த நாற்றத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை.

பேச்சியம்மாள்: டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பிடியும். தெரிகிறதா? நடுவில் கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிவப்பு நரம்பு. அது உயிருள்ளது. இதோ, இந்த இரண்டும் வெறுமனே தெளிவாக இருக்கின்றன, கூமுட்டை.

சண்முகவேல்: அக்கா, அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

(21-ஆம் நாள் காலை. சண்முகவேல் கையில் சிறு கரண்டி.)

பேச்சியம்மாள்: கரண்டியைக் கீழே போடும்!

சண்முகவேல்: விடியற்காலையிலேயே ஓட்டில் ஓட்டை விழுந்துவிட்டது, உள்ளே கத்துகிறது, கோழியும் அதற்குப் பதில் கொடுக்கிறது, வெளியே மட்டும் வரவில்லை. உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் ஒரு ஜீவனுக்கு நான் ஓட்டைக் கொஞ்சம் விரித்துக் கொடுத்தால் என்ன குற்றம்?

பேச்சியம்மாள்: அந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு விடுகிறது, திணறவில்லை. மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் முழுதாக இறங்கியிருக்காது. ஓட்டின் உட்புறத்தை ஒட்டியிருக்கிற நரம்பில் இரத்தம் வற்றியிருக்காது. நீர் இப்போது உரித்தால் இரத்தம் கொட்டிச் செத்துப்போகும். அரை நாளோ ஒரு நாளோ அதற்குப் பிடிக்கும். அலகின் நுனியில் இதற்கென்றே ஒரு முள் இருக்கிறது. உம்முடைய கரண்டியை விட அது நல்லது.

சண்முகவேல்: சரி, வெளியே வந்த பிறகாவது இரை போடலாமா? நொய்யரிசி அரைத்து வைத்திருக்கிறேன்.

பேச்சியம்மாள்: வயிற்றுக்குள் போன மஞ்சள் கருவே ஒரு நாளைக்கு மேல் தாங்கும். அதனால்தான் பின்னால் வருகிற குஞ்சுக்காகக் கோழி பொறுமையாகக் காத்திருக்கிறது. நாளைக்கு நொய் போடும். அதற்குள் பழைய பானை ஒன்றில் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, செம்மண் தரையில் இரவு கவிழ்த்து வையும். காலையில் கரையான் ஏறியிருக்கும். அதைத் தின்ற குஞ்சு மளமளவென்று வளரும். தண்ணீரைத் தட்டையான தட்டில் கூழாங்கல் போட்டு வையும். இல்லாவிட்டால் விழுந்து நனைந்து விறைத்துவிடும்.

சண்முகவேல்: தாயே ஏறி மிதித்துவிட்டால்?

பேச்சியம்மாள்: கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?

(மறுநாள் மாலை. பஞ்சாரத்துக்குள் ஒன்பது குஞ்சுகள். சண்முகவேல் ஒப்பந்தத்தை விரித்து, நெற்றியைச் சுருக்குகிறார்.)

சண்முகவேல்: ஒன்பதில் பாதி நாலரை. அரைக் குஞ்சுக்கு என்ன வழி?

பேச்சியம்மாள்: இப்போது யார் பிரிக்கச் சொன்னார்கள்? ராத்திரிக் குளிருக்கு அவற்றுக்குத் தாயின் இறகுதான் போர்வை. இரண்டு மாதம் கழித்து அதுவே கொத்தி விரட்டும். அன்றைக்கு எண்ணிப் பாதி எடுத்துக்கொள்கிறேன்.

சண்முகவேல்: அதுவரைக்கும் இரை?

பேச்சியம்மாள்: உம்முடையது.

சண்முகவேல்: பருந்து தூக்கிய குஞ்சு யார் பாகத்தில் கழியும்?

பேச்சியம்மாள்: நீர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தூக்கினால் உம்முடைய பாகத்தில். பார்க்காதபோது தூக்கினால் அதற்கு நீர்தான் காரணம்.

சண்முகவேல்: நாற்பது வருடம் பத்திரம் எழுதியவன் நான்! இப்படி ஒரு ஷரத்தை எந்தக் கட்சிக்காரனுக்கும் நான் எழுதிக் கொடுத்ததில்லை.

பேச்சியம்மாள்: அது கிடக்கட்டும். ஏழாம் நாள் குஞ்சுகளைக் கூடையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போம். கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒன்றும் மிஞ்சாது.

சண்முகவேல்: உரிமையாளர் பெயர் என்று கேட்டால் யார் பெயரைச் சொல்லுவது?

பேச்சியம்மாள்: மருந்தகத்தில் உம்முடைய பெயரைச் சொல்லும். முட்டையிட ஆரம்பித்ததும் என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.