4கே என்று எழுதியிருந்தால் போதுமா?

யாழ்ப்பாணத்தில் இப்போது வீட்டுக்குள் தியேட்டர் வைக்கிற ஆசை நன்றாகவே பிடித்துவிட்டது. திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் புதிதாக எழும்புகிற வீடுகளில் ஓர் அறையை அதற்கென்றே ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே சந்தோசம். நல்ல படத்தை நல்ல ஒலியோடு, வீட்டில் எல்லாரும் சேர்ந்திருந்து பார்க்க வேண்டும் என்பது நல்ல ஆசை. ஆனால் என்னிடம் விசாரிக்கிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: "அண்ணை, இது 4கே தானே?"

4கே என்றால் திரையில் 3840க்கு 2160 புள்ளிகள் இருக்கின்றன. அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். அந்தப் புள்ளிகளை நிரப்ப ஒரு செக்கனுக்கு எவ்வளவு தரவு வருகிறது, படம் எந்த மாஸ்ரரில் (முடித்து வைத்த மூலப் பிரதியில்) இருந்து எடுக்கப்பட்டது, ஒலி என்ன வடிவில் வருகிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. தரத்தைத் தீர்மானிப்பது இவை மூன்றும்தான்.

கணக்கைப் பாருங்கள். நெற்பிளிக்ஸ் 4கேக்குக் கேட்கிற இணைய வேகம் செக்கனுக்கு 15 மெகாபிட். 2006 இல் வந்த சாதாரண புளூ-ரே டிஸ்க்கில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடம் இருக்கிறது. 2016 இல் வந்த 4கே புளூ-ரே 100 மெகாபிட்டைத் தாண்டியும் போகும். ஸ்ட்ரீமிங்கில் பயன்படுகிற புதிய சுருக்க முறை பழையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு திறமையானது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நிரப்ப வேண்டிய புள்ளிகள் சாதாரண புளூ-ரேயைவிட நாலு மடங்கு. பற்றாக்குறை எங்கேயாவது தெரியத்தானே வேண்டும்? இருட்டுக் காட்சியில் தெரியும். அறையில் ஒரு விளக்கு மட்டும் எரிகிறது என்று வையுங்கள். விளக்கைச் சுற்றியுள்ள சுவரில் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைய வேண்டும். தரவு போதாத படத்தில் அது வளையம் வளையமாக, படி படியாக இறங்கும். மழை, புகை, கோயில் வீதியில் கூட்டம் இவற்றிலும் அதே கதைதான். பிலிமில் எடுத்த பழைய படம் என்றால் அதன் நுண்மணிகள் அழிந்து, முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி ஆகிவிடும்.

தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் இன்றும் ஏராளமான திரையரங்குகள் 2கேயில்தான் (குறுக்கே ஏறக்குறைய 2000 புள்ளி) ஓட்டுகின்றன. புள்ளிக் கணக்கில் அது வீட்டுப் புளூ-ரேயைவிடக் கொஞ்சம்தான் கூட. அவ்வளவு பெரிய திரையில் படம் தெளிவில்லை என்று யாரும் எழும்பி வருவதில்லை. ஏனென்றால் திரையரங்குக் கோப்புக்குச் செக்கனுக்கு 250 மெகாபிட் வரை கொடுக்கிறார்கள், ஒலியைச் சுருக்குவதே இல்லை. இன்னொன்று: பல படங்களின் கடைசி மாஸ்ரரே 2கேதான். அதைப் பெருப்பித்துத்தான் 4கே என்று தருகிறார்கள்.

வீட்டில் எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கிறீர்கள் என்பதும் உண்டு. எங்கள் ஹோல்களில் செற்றிக்கும் ரிவிக்கும் இடையில் பத்து அடி சாதாரணம். 55 அங்குல ரிவியில் 1080 வரிப் படத்தின் (சாதாரண புளூ-ரே அளவு) புள்ளிகளைச் சாதாரணக் கண் பிரித்துப் பார்க்க ஏழு அடிக்குக் கிட்டப் போக வேண்டும். பத்து அடியில் 4கேக்கும் 1080க்கும் புள்ளி வித்தியாசம் தெரியப் போவதில்லை. அந்தத் தூரத்திலும் 4கே டிஸ்க் அழகாக இருந்தால் அதற்குக் காரணம் நிறமும், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டித் தருகிற எச்டிஆரும்தான். புளூ-ரேயில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி, 4கே டிஸ்க்கில் 1024 படி. சரி, எச்டிஆர் வேண்டும் என்றால் ரிவிக்கு வெளிச்சம் வேண்டும். பல படங்களை 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சத்துக்கு மாஸ்ரர் செய்கிறார்கள். விலை குறைந்த ரிவி 300 நிட்ஸ் கொடுத்தாலே பெரிய காரியம். பெட்டியில் எச்டிஆர் என்று ஒட்டியிருப்பதை நம்பிக் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

டிஸ்க் வாங்குகிற ஆட்களுக்கு ஒரு விசயம். சாதாரண புளூ-ரேயை அது விற்கிற வலயத்துப் பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டுவது உண்டு. ரொறன்ரோவில் இருந்து மச்சான் கொண்டு வரும் சாதாரண புளூ-ரே ஏ வலயம், லண்டனில் இருந்து வருவது பி வலயம், எங்களுடைய தெற்காசியா சி வலயம். பூட்டுப் போட்ட டிஸ்க் இங்கே வாங்கின பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு அந்தப் பூட்டு இல்லை, எங்கே வாங்கினாலும் ஓடும். வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் சொல்லி எடுப்பிக்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள். தமிழ்ப் படங்கள் 4கே டிஸ்க்காக வருவது அரிது, அது என் பெரிய மனக்குறை.

இனி ஒலி. எனக்கு மனம் கொதிக்கிற இடம் இது. படத்துக்கு மூன்று லட்சம் செலவழிக்கிறவர்கள் ஒலிக்கு ரிவியின் அடியில் கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிற சின்ன ஸ்பீக்கரே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு "பேச்சு ஒன்றும் விளங்கவில்லை, சண்டை வந்தால் வீடு அதிருது" என்று முறைப்பாடு. 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) பேச்சு அநேகமாக நடு ஸ்பீக்கரில்தான் வரும். அந்த நடு ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் ஆறு பாதையையும் இரண்டுக்குள் அமுக்கினால் பேச்சு அடிபட்டுப் போகும். ரிவி ஸ்பீக்கரில்தான் பார்ப்பேன் என்றால் செற்றிங்ஸில் 5.1 ஐ விட்டு ஸ்டீரியோவைத் தெரிவு செய்யுங்கள், அதுவே பாதி நோயைத் தீர்க்கும்.

ஸ்ட்ரீமிங்கிலும் தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கிற அட்மொஸ் வருகிறதே என்பார்கள். வருகிறது. நெற்பிளிக்ஸில் அது அதிகபட்சம் 768 கிலோபிட், சுருக்கும்போது ஒரு பகுதி போய்விடும். டிஸ்க்கில் வருகிற ட்ரூஎச்டி ஒரு துளியும் இழக்காத ஒலி, அதைவிடப் பல மடங்கு தரவு. இரண்டையும் மாறி மாறிக் கேட்டால் குண்டுச் சத்தத்தில் வித்தியாசம் தேடாதீர்கள். பாட்டு முடிந்து வயலின் ஓய்கிற அந்தக் கடைசி நொடியைக் கேளுங்கள். வித்தியாசம் தெரியுமென்றால் அங்கேதான் தெரியும். பிளேயரை ரிவியில் கொழுவி அங்கிருந்து சவுண்ட்பாருக்குப் பழைய ஆர்க் (ரிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரில் வெளியே அனுப்புகிற முறை) வழியாக அனுப்பினால் இந்த ஒலி போகாது. அதன் புதிய வடிவமான ஈ-ஆர்க் வேண்டும், அல்லது பிளேயரை நேரே ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ரிசீவரில் கொழுவ வேண்டும்.

அதோடு எங்கள் அறைகள். சீமெந்துக் கூரை, மாபிள் தரை, பூசின வெறுஞ்சுவர். நடுவில் நின்று ஒருக்கா கை தட்டிப் பாருங்கள், தட்டின சத்தத்துக்குப் பிறகும் ஒரு கணகணப்பு நிற்கும். எந்த ஸ்பீக்கரின் பேச்சும் அதற்குள் விழுந்து கலங்கித்தான் வரும். முட்டை அட்டை ஒட்டுகிறார்கள், அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மெத்தை தைக்கிறவரிடம் சொல்லி, இரண்டு அங்குல மொத்தத்தில் பஞ்சு அடைத்து, மரச்சட்டத்தில் துணி போர்த்து நாலைந்து பலகை செய்வியுங்கள். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு பக்கச் சுவரிலும், தலைக்குப் பின்னாலும் மாட்டுங்கள். தரைக்கு ஒரு தடித்த விரிப்பு. கண்ணாடி யன்னலுக்குக் கனமான சீலை. நான் கேட்ட அறைகளில் இதைச் செய்த அறையில் சாதாரண ஸ்பீக்கர்கூட வடிவாகக் கதைக்கிறது. அடுத்த விலையில் இருக்கிற ரிவிக்குப் போகிற காசை இதில் போடுங்கள் என்று யாருக்கும் சொல்வேன்.

இதுவரை சொன்னதெல்லாம் திரும்ப வாங்கக்கூடிய படங்களைப் பற்றி. திரும்ப வாங்க முடியாத படம் ஒன்று பல வீட்டு அலுமாரிகளில் இருக்கிறது. அம்மா அப்பாவின் கல்யாணக் கசெற், அக்காவின் சாமத்திய வீடு, ஊர்க் கோயில் தேர். மின்சாரம் இல்லாமல் ஜெனரேற்றர் பிடித்து டெக் ஓட்டின காலத்திலும் எங்கள் சனம் கசெற்றில் எடுத்து வைத்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எத்தனையோ வீடுகளில் அவை அப்படியே போயின. தப்பினவற்றைப் பிறகு பலர் வீசீடியாக மாற்றினார்கள். மாற்றியதும் கசெற்றை எறிந்தும் விட்டார்கள். எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

வீசீடி புதிது, கசெற் பழையது, ஆகவே வீசீடி நல்லது என்று நினைத்தார்கள். கசெற்றில் செக்கனுக்கு 50 அரைப்படங்கள் (ஒன்றுவிட்ட வரிகள் மட்டும் உள்ள படங்கள்) பதிந்திருக்கும். வீசீடி 352க்கு 288 அளவில் 25 படங்களைத்தான் வைத்துக்கொள்ளும், மிச்சம் போய்விடும். தரவும் செக்கனுக்கு ஒரு மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேலே. தாலி கட்டுகிற நேரம் சபை முழுக்க அட்சதையும் பூவும் தூவுகிற அந்த ஒரு காட்சியைப் போட்டுப் பாருங்கள். திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்திருக்கும், முகங்கள் தெரியாது. தவில்காரரின் கை ஒரு மங்கல். கசெற்றில் அந்த முகங்கள் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாலும் இருக்கும்.

கசெற் இன்னும் இருந்தால் முதலில் மூடியைத் திறந்து நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் டெக்கில் போடவே வேண்டாம், டெக்கின் தலையும் கெடும், அடுத்த கசெற்றுக்கும் தொற்றும். துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உங்களிடம் இல்லாமல் வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கொப்பி இருந்தால் லண்டன் கொப்பியை முதலில் கேளுங்கள். அங்கேயும் எங்களைப் போல பால் (PAL) என்கிற ரிவி முறைதான் இருந்தது, அப்படியே பதிந்திருப்பார்கள். கனடாவுக்குப் போனது அந்த நாட்டு ரிவி முறையான என்ரிஎஸ்சிக்கு (NTSC) மாற்றப்பட்டிருக்கக்கூடும். அதில் 576 வரி 480 ஆகக் குறைந்து, அசைவும் கொஞ்சம் திக்கும்.

மாற்றக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் 720க்கு 576 அளவில், 50 அரைப்படங்களையும் விடாமல், செக்கனுக்கு 8 மெகாபிட்டுக்குக் குறையாமல் கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் கேளுங்கள். டிவிடிதான் தர முடியும் என்றால் ஒரு டிவிடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற்றாமல் தரச் சொல்லுங்கள், மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு மூன்று டிஸ்க் ஆனாலும் பரவாயில்லை. வேலை முடிந்ததும் கசெற்றைக் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.