வீட்டுப் பெரியவர் சொல்லும் கணக்கில் இவர்கள் வரமாட்டார்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். அப்பாவோ தாத்தாவோ திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்வார். வந்தவர் மலையாளப் படிவத்தைப் பார்த்துத் தமிழில் கேட்பார். அவரும் தெரிந்த முகம்தான், பெரும்பாலும் ஒரு டீச்சர். ஆண் எத்தனை, பெண் எத்தனை? அந்த நேரத்தில், உள்ளே இருக்கும் பிள்ளை தன்னை இரண்டிலும் சேர்க்க முடியாமல் தவிப்பதை யார் சொல்லப் போகிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக ஆண், பெண்ணோடு ‘மற்றவர்’ என்றும் பதிந்தார்கள். நாடு முழுக்க 4,87,803 பேர். அன்றைய ஆந்திராவில் 43,769, தமிழ்நாட்டில் 22,364, கேரளத்தில் வெறும் 3,902. மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பாதிக்குக் கொஞ்சம் குறைவான கேரளம், இதில் மட்டும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. எல்லையில் இருக்கும் வாளையாரைத் தாண்டியதும் மனிதர்கள் மாறிவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2008லேயே திருநங்கையர் நல வாரியம் வந்துவிட்டது, வெளியே சொன்னால் ஒரு அட்டையாவது கிடைக்கும். கேரளம் தனிக் கொள்கை அறிவித்ததே 2015ல்தான். அதுவரை இங்கே சொல்லி என்ன கிடைக்கும், அடிதான்.

எங்கள் தெருவில் வளர்ந்த பிள்ளை ஒன்று இப்போது கோயம்புத்தூரில் ஜமாத்தோடு, அதாவது திருநங்கைகள் சேர்ந்து வாழும் குழுவோடு, இருக்கிறாள். வீட்டு ரேஷன் கார்டில் இன்னும் மகன். அங்கே வாடகை வீட்டுக்கு ஆள் வந்து கணக்கெடுத்தார்களா என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

அந்த 4,87,803ல் 54,854 பேர் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள். தன்னைப் பற்றிச் சொல்லும் வயதே இல்லை. அப்படியானால் அது அடுத்தவர் சொன்ன கணக்குதானே! தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. அந்த உரிமை திண்ணையில் வைத்தே பறிபோகிறது.

கனடா 2021ல் பிறப்பில் பதிவான பால், இன்றைய பாலினம் என்று இரண்டு கேள்வி வைத்தது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், பிறப்பில் பதிவான பாலோடு தன் பாலினம் ஒத்துப்போகாத 1,00,815 பேர் கணக்கில் வந்தார்கள். அதில் 41,355 பேர் ஆணுமல்ல, பெண்ணுமல்ல என்றவர்கள். நம் ஒற்றை ‘மற்றவர்’ கட்டத்தில் திருநங்கை, பெண்ணென்று பதிவாகி ஆணாக வாழும் திருநம்பி, இடைப்பால் உடலோடு பிறந்தவர், இரண்டிலும் சேராதவர் எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள். திருநம்பி தன்னை ஆண் என்றே சொல்லிவிட்டால், அப்புறம் அவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

அதே ஆண்டு இங்கிலாந்தும் வேல்ஸும் பாலினம் பற்றிக் கேட்ட கேள்வி வேறு விதமாகச் சிக்கியது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்து, 2024ல் அந்தப் புள்ளிவிவரத்தின் அங்கீகாரத்தையே விலக்கிக்கொண்டார்கள். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கேள்வியை நம்மிடம் மலையாளத்தில் கேட்டால் நமக்கும் அதே கதிதான்.

1948ஆம் ஆண்டுச் சட்டப்படி கணக்கெடுப்புத் தாளை வெளியாள் யாரும் பார்க்க முடியாது. சரி, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமாவிடமிருந்து எந்தச் சட்டம் காப்பாற்றும்? 2027 கணக்கெடுப்பில் இணையத்தில் நாமே பதியலாம் என்கிறார்கள். அதுவும் குடும்பத்துக்கு ஒன்று என்றால், போன் வைத்திருப்பவர் சொல்வதுதான் பதிவாகும்.

வயது வந்த ஒவ்வொருவருக்கும் பாலினத்துக்கு மட்டும் தனிச் சீட்டு கொடுங்கள், தமிழிலும். அவரே எழுதி ஒட்டிக் கொடுக்கட்டும். சொல்ல விருப்பமில்லை என்ற கட்டமும் இருக்கட்டும். இங்கே கணக்கெடுக்க அனுப்புகிறவர்களில் திருநங்கைகளும் திருநம்பிகளும் இருக்கட்டும், அந்த வேலைக்கான முழுச் சம்பளத்தோடு.