400 அடியில் இருக்குங்கப்பா

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் வெள்ளகோவில் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அடிப்பாறை தெரிந்துவிட்டது. தென்னை மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன. போர்வெல் போட்டே ஆகவேண்டும் என்ற நிலை. அப்பா பக்கத்து ஊரிலிருந்து நீரோட்டம் பார்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு, கிளுவை வேலி ஓரமாகக் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. அங்கே ஒரு கல்லை நட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கோவையில் பம்பு வடிவமைக்கிற வேலை பார்ப்பவன் ஆயிற்றே, எப்படிச் சும்மா இருப்பேன்? ஜெர்மனியில் 1987, 88-ல் நடந்த சோதனையைப் பற்றி அவரிடமே ஆரம்பித்தேன். மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்தார்கள். மேல்தளத்தில் நடப்பவர் குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்லவேண்டும். வந்த சுமார் 500 பேரில் தேர்ந்த 43 பேரை வைத்து 800 தடவைக்கு மேல் பார்த்தார்கள். சோதனையை நடத்தியவர்கள் 'சிலருக்கு இந்தத் திறமை உண்டு' என்றார்கள். ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க உயிரியலாளர் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, குருட்டாம்போக்கில் சொன்னாலும் இவ்வளவு வந்திருக்கும் என்று காட்டினார்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "செரிங்க தம்பி, அப்ப தண்ணி எங்கிருக்குதுன்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. "மிஷின் வெச்சுப் பார்த்துக்கறோம்" என்றேன். அவர் காசு வாங்காமலே போய்விட்டார். அப்பா அன்று ராத்திரி என்னோடு பேசவில்லை.

மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தித் தடை அளக்கும் கருவியோடு ஒருவர் வந்தார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். நமது பக்கம் மேலே கொஞ்சம் மக்கிய பாறை, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. அந்தக் கெட்டிப் பாறையில் விரிசல் இருந்தால்தான் தண்ணீர். விரிசலில் தண்ணீர் இருந்தால் மின்தடை குறையும், களிமண் அடைத்திருந்தாலும் குறையும். ஆழம் போகப்போக, கருவி காட்டுவது பெரிய பகுதியின் சராசரிதான், ஒரு கோடுபோல ஓடும் விரிசல் அதில் தெரியாமலே போகலாம். இதையெல்லாம் அவரே எனக்கு விளக்கிவிட்டு, "400 அடி வாக்கில் ஒரு விரிசல் இருக்கலாம், உத்தரவாதம் சொல்ல முடியாதுங்க" என்றார்.

நான் வீட்டுக்குள் போய் அப்பாவிடம் சொன்னது: "400 அடியில் இருக்குங்கப்பா."

'இருக்கலாம்' திண்ணையில் கேட்டது, 'இருக்கு' வீட்டுக்குள் ஆசாரக் கூடத்தில் சொன்னது. நடுவே ஒரு வாசற்படிதான். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தேங்காய் தப்பு என்று உறுதியாகத் தெரிந்திருந்தது, அந்த உறுதி அப்படியே கருவியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்தவர் சொல்வது தப்பு என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், நமக்குச் சரி எதுவென்று தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு வேறு என்று புரிய எனக்கு 850 அடி ஆயிற்று.

போர் போடும் திருச்செங்கோட்டு லாரி ராத்திரியில் வந்தது. 400 அடியில் தண்ணீர் இல்லை, கல்தூள் புகைதான். 500-லும் புகை. ஆழம் போகப்போக அடிக்கு ரேட்டும் ஏறும். 600-ல் லாரிக்காரர் ஓட்டையிலிருந்து வந்த கல்தூளைக் கையில் அள்ளி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். "கீழே வருமாங்க?" என்றேன். "தெரியலீங்க. ரெண்டு தோட்டம் தள்ளி 700-ல வந்துச்சு. அதுக்குப் பக்கத்துத் தோட்டத்துல ஆயிரம் போயும் புகைதான்." எத்தனையோ ஊரில் எத்தனையோ போர் ஓட்டியவர் தெரியாது என்கிறார். வாழ்க்கையில் முதல் போர் போடுகிற நான், "வரும், ஓட்டுங்க" என்கிறேன். 850-ல் அப்பாதான் கையைக் காட்டி நிறுத்தினார். தென்னைக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். நாற்பது மரம் போச்சு.

பம்பு விஷயத்தில் நான் இப்படி இல்லை. ஒரு புது மாடல் எத்தனை லிட்டர் தள்ளும் என்று யாராவது கேட்டால், சோதனை மேடையில் ஓட்டிப் பார்க்காமல் வாயே திறக்க மாட்டேன். எத்தனை விதமாகத் தப்பு வரும் என்று அங்கே எனக்குத் தெரியும். தெரிந்த தொழிலில் 'தெரியவில்லை' சுலபமாக வருகிறது, தெரியாத இடத்தில்தான் நாக்கு நீளுகிறது.

இதே முகநூலில் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றி நான் எழுதிய பதிவு சிலருக்கு நினைவிருக்கும். மண் வாய்க்காலாக வெட்டிய 200 கிலோமீட்டர், பாசனம் பெறும் ஆயக்கட்டு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். கசிவெல்லாம் நஷ்டம், கடைமடைக்குத் தண்ணீர் போக ஒரே வழி கான்கிரீட்தான், எதிர்ப்பவர்களுக்கு விவரம் போதாது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அரச்சலூர்ப் பக்கத்து மாமா ஒருவர் போனில் கூப்பிட்டார். "மாப்ள, நீ நஷ்டம்னு சொல்றது எங்க கெணத்துத் தண்ணி." அதையும் நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. அதற்காக அவர் சொல்வதுதான் முழுச்சரி என்றும் ஆகிவிடாது, கடைமடைக்காரர் குறையும் நிஜம்தான். எனக்கு இப்போதும் கான்கிரீட் பக்கமே சாய்வு, ஆனால் அந்த 'விவரம் போதாது' வரியை நினைத்தால் கூசுகிறது. பதிவை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

தேங்காயை இன்றைக்கும் நான் நம்பவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பெரியவர் தேங்காயை மட்டும் பார்க்கவில்லையோ என்ற சந்தேகம் பின்னால் வந்தது. வேலி ஓரத்து வேம்பில் எது கோடையிலும் பசேலென்று நிற்கிறது, நிலம் எங்கே லேசாகத் தாழ்கிறது, பழைய கிணறுகள் எந்தத் திசையில் வரிசையாக இருக்கின்றன என்றெல்லாம் அவர் கவனித்திருக்கலாம், கவனிக்காமலும் இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஜெர்மனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் கேட்க நேரம் இல்லை. இப்போது அவர் இல்லை.

இந்தக் கோடையில் மறுபடி போர் போடலாம் என்றிருக்கிறோம். 500 அடிக்கு மேல் ஒரு ராடுகூட இறக்கக்கூடாது என்று இப்போதே பேசி வைத்தாயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு நான் "இன்னும் ஐம்பது அடி" என்று கெஞ்சினாலும் லாரியை அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். அப்பா சிரிக்கிறார், நம்பினமாதிரி தெரியவில்லை. எந்த இடத்தில் போடுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. நான் கருவிக்காரரைக் கூப்பிடலாம் என்கிறேன். அப்பா கொரங்காட்டு வேலி ஓரம் பெரியவர் நட்ட அந்தக் கல்லையே காட்டிக்கொண்டிருக்கிறார்.