கோழி கம்பெனியோடது, நாத்தம் மட்டும் நம்முளுது

பல்லடம், உடுமலை பக்கம் கோழிப்பண்ணைப் பேச்ச எடுத்தாலே ரெண்டு கட்சி தான். பண்ணைய இழுத்து மூடுங்கற ஊர்க்காரங்க ஒரு பக்கம், கோழின்னா நாறத்தான் செய்யும்ங்கற பண்ணைக்காரங்க இன்னொரு பக்கம். நானும் கம்பெனி குடுக்கற குஞ்ச கூலிக்கு வளர்த்துக் குடுக்கற பண்ணைக்காரன் தானுங்க, ஆனா நம்ம ஆளுங்க சொல்ற இந்த சமாதானத்த என்னால ஒத்துக்க முடியல.

எச்சத்துல இருக்கற யூரிக் அமிலம் ஈரம் பட்டாத்தான் அமோனியாவா மாறுது. அந்த நெடி பூராவும் தழைச்சத்துங்க, அதைக் காத்துல விட்டுட்டு அப்பறம் யூரியா மூட்டைக்குப் போய் வரிசைல நிக்கறோம். கோழிக்கு அடில பரப்பற தேங்கா நார்த்தூள் மஞ்சில ஈரம் 20-25 சதவீதத்துல நின்னா போதும், ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் புடிச்சு விட்டா உதிரணும், உருண்டையா அப்படியே நின்னுச்சுன்னா எங்கயோ கோழி தண்ணி குடிக்கற நிப்பிள் ஒழுகுது, இல்லன்னா மழைக்குப் பயந்து படுதாவ முழுசா எறக்கிவிட்டு காத்தே போகாம வெச்சிருக்கீங்க. மஞ்சி கட்டி தட்டினா இரத்தக் கழிச்சல் வரும், பாதத்துல புண்ணு வரும், கொட்டாய்க் காத்துல அமோனியா 25 பிபிஎம் (பத்து லட்சத்துல 25 பங்கு) தாண்டினா கோழிக்குக் கண்ணு எரிஞ்சு மூச்சு எளைச்சு தீவனம் எடுக்காது, கடைசில எடை இல்லன்னு வளர்ப்புக் கூலில தான் கை வெப்பாங்க. கம்பெனி சூப்பர்வைசருங்க எடையும் தீவனக் கணக்கும் பாக்கற நேரத்துல குனிஞ்சு ஒரு பிடி மஞ்சியும் அள்ளிப் பாக்கலாம்.

வளர்ந்த கோழிங்கள லாரில ஏத்தி அனுப்புனதும், எச்சமும் மஞ்சியும் கலந்த குப்பைய ரோட்டோரம் தொறந்தவெளில கொட்டறது அதவிட மோசம். ஒரு மழை பெஞ்சா சத்தெல்லாம் கரைஞ்சு ஓடும், பக்கத்துக் கெணத்துத் தண்ணில நைட்ரேட் ஏறும், வெயில் காலத்துல அதுல ஈ போடற முட்டைல இருந்து ஈ ஆக ஒரு வாரம் பத்து நாளே அதிகம். நாமக்கல் முட்டைப் பண்ணைல கூண்டுக்கு அடில எச்சத்த அள்ளும்போது வெவரம் தெரிஞ்சவங்க மொத்தமா வழிக்க மாட்டாங்க, காஞ்சத கொஞ்சம் விட்டு வெப்பாங்க, புதுசா விழற ஈரத்த அது உறிஞ்சிக்கும், புழு கட்டுப்படும். 5,000 கோழிக்கு மேல வெச்சிருந்தா மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேணும்னு ஆகிப்போச்சு, இன்னமும் ஊர் சண்டைன்னு அசால்ட்டா இருக்கறவங்க இருக்காங்க.

வாங்கற விவசாயிங்க மேலயும் கோவம் இருக்கு. பச்சைக் குப்பைய மஞ்சள் காட்டுல நேரா எறைச்சா வேர் கருகத்தான் செய்யும், அப்பறம் கோழி எருவே சூடுன்னு பழி. தகரத்துக்கு அடில அம்பாரம் கட்டி, ஈரம் பாத்து அப்பப்ப பொரட்டிவிட்டு ரெண்டு மூணு மாசம் மக்க வெச்சா அந்த சூடு அதுலயே அடங்கிடும், களை விதையும் சாகும். மக்கினதுக்கு ரெண்டு காசு கூடக் குடுக்க ஆளு இருந்தா நாங்க ஏனுங்க பச்சையாவே புரோக்கர் லாரிக்குத் தள்ளி விடறோம்?

இ.எம். கரைசல் (நல்லது செய்யற நுண்ணுயிர்க் கரைசல்) தெளிச்சா நாத்தம் போயிரும்னு சொல்றவங்க தாராளமா தெளிங்க, ஆனா ஒழுகற நிப்பிள மொதல்ல மாத்திட்டு தெளிங்க.