ஊரில் சும்மா இருக்கிறவர்கள்

இரண்டு மாதமாக எனக்கு ஒரு வேலை வாய்த்திருக்கிறது. எங்கள் கல்லூரியில் 2001-இல் தாவரவியல் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று விவரம் திரட்ட வேண்டும். பழைய மாணவர் சந்திப்புக்கு ஒரு மலர் போடுகிறார்கள். வங்கியில் வேலை பார்ப்பவள், ஆட்களை விரட்டிப் படிவம் நிரப்ப வைத்துப் பழகியவள் என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்களுடையது சின்னக் கல்லூரி. ஸ்காட் கல்லூரி, இந்துக் கல்லூரி என்றால் நாகர்கோவிலில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. எங்கள் கல்லூரிப் பெயரைச் சொன்னால், "அது எந்தப் பக்கம்?" என்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ரப்பர் விளைகளுக்கு நடுவே இருபது நிமிடம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர்.

என்னிடம் கொடுத்த படிவத்தில் நான்கே கட்டங்கள்: பெயர், பதவி, நிறுவனம், நாடு. ஊருக்குக் கட்டம் இல்லை, மாவட்டத்துக்கும் இல்லை. நேரே நாடு! இப்படி ஒரு படிவத்தைக் குமரி மாவட்டத்துக்காரர்கள்தான் தயாரிக்க முடியும்.

மஸ்கட்டிலிருந்தும் துபாயிலிருந்தும் ஒரே நாளில் பதில் வந்தது, புகைப்படத்தோடு. பெங்களூருக்காரர்கள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். ஊரிலேயே இருக்கிறவர்களிடம்தான் நான் படாத பாடு பட்டேன். தொலைபேசியில் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? சும்மா ஊரில்தான் இருக்கிறேன்."

இந்தச் 'சும்மா'வைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் ஏறியது.

சும்மா இருக்கிறவர்களில் ஒருத்தி முனைவர் பட்டம் வாங்கியவள், கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான செட் தகுதித் தேர்வும் எழுதித் தேறியவள். ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறாள். மே மாதம் அவளுக்குச் சம்பளம் கிடையாது. 'பதவி' என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "உதவிப் பேராசிரியர் என்று போட்டால் என் கூட வேலை பார்ப்பவர்களே சிரிப்பார்கள், காலியாக விட்டுவிடு" என்றாள். இன்னொருவன் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரன். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை வீடு வீடாக ஏறி எழுதி எடுத்தவன், மனுக்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவன். 'மீன்பிடித்தல்' என்று ஒற்றைச் சொல்லை அனுப்பியிருக்கிறான்.

வெளிநாட்டுக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வீட்டு மாடியே அண்ணன் குவைத்திலிருந்து அனுப்பிய பணத்தில் எழும்பியதுதான். 2011 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். அத்தனை பேருக்கும் இங்கே நாற்காலி போட முடியாது என்பது எங்கள் தாத்தா காலத்திலேயே தெரிந்த கணக்கு. போகிறவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் போனவர்களின் கதை மட்டும்தான் கதை என்று எப்போது முடிவு செய்தோம்? மஸ்கட் நண்பன் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு கிட்டங்கியின் சரக்குக் கணக்கைப் பார்க்கிறான். நான் நகைக்கடன் பார்க்கிறேன். நாங்கள் இருவரும் தாவரவியலைத் தேர்வு மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். எங்கள் வரிசையில் மட்டும் கட்டங்கள் நிரம்பி வழிகின்றன.

முப்பத்தெட்டுப் பேரில் படித்த படிப்பை இன்றும் தினமும் கையில் எடுப்பவன் என்று பார்த்தால் ஒருவன் அகப்படுகிறான். அவன் ரப்பர் வெட்டுகிறான்.

விடியற்காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளைக்குள் இறங்குவான். வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். பட்டையைச் சீவும் கத்தி ஒரு நூல் ஆழம் கூடினால் உள்ளே வளரும் திசுவில் காயம் பட்டுவிடும், பிறகு அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக மூடாது. கேம்பியம் என்று நாங்கள் படம் வரைந்து மதிப்பெண் வாங்கினோமே, அதே திசுதான். சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டு நிமிரும்போது மணி பத்தாகிவிடும். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் வருமானமும் இல்லை.

அவனிடம் தேன் பெட்டிகளும் இருக்கின்றன. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிவைத்த தொழில் அது. அவன் அப்பா காலத்துப் பெட்டிகள் 1990-களின் தொடக்கத்தில், நாங்கள் பள்ளியில் படித்தபோது, ஒவ்வொன்றாகக் காலியாயின. சாக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியா முழுக்கத் தேனீப் புழுக்களை அழித்த நேரம். வகுப்பில் வைரஸ் பாடம் நடந்த அன்று ஆசிரியரை விடாமல் கேள்வி கேட்டவன் இவன் ஒருவன்தான். நாங்கள் பின்னால் உட்கார்ந்து மணி எப்போது அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படிப்பட்டவனும் 'சும்மா ஊரில்தான்' என்று சொன்னபோது பொறுக்க முடியவில்லை. மலர்க்குழுவுக்கு எழுதி நான்கு கட்டங்களையும் எடுத்துவிடச் சொன்னேன். "ஒரு நாள் எப்படிப் போகிறது?" என்று மட்டும் கேட்டு, ஆளுக்கு ஐந்து வரி கொடுங்கள் என்றேன். "அழகாக இருக்காதே" என்றார் ஒருவர். வங்கியில் இதைவிட அழகில்லாத படிவங்களைப் பார்த்திருக்கிறேன், பரவாயில்லை என்றேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார்கள்.

ரப்பர்க்காரனுடைய ஐந்து வரியை நானே எழுதி அவனுக்கு அனுப்பினேன். 'பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர்ப் பூக்களிலிருந்து இவனுடைய தேனீக்கள் தேன் சேர்க்கின்றன' என்று முடித்திருந்தேன். எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பத்து நிமிடத்தில் அழைத்துவிட்டான். நன்றி சொல்வான் என்று நினைத்தேன்.

"மக்களே, ரப்பர்த் தேன் பூவிலிருந்தா வருகிறது? இலை உதிர்ந்து புதுத்தளிர் வரும்போது இலைக்காம்பு நுனியில் சுரப்பி இருக்கும், அதிலிருந்துதான் வரும். இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் இருந்ததே. மூன்று வருடம் நீ என்னதான் படித்தாய்?"

திருத்திவிட்டேன்.